எழுபத்திநாலு யாரோட ஆளு

திரையில் நவாஸ் எழுந்து நின்றான். மடங்கிக் கிடந்த முழங்கால் நேரானது, பந்து அவன் வயிற்றை விட்டுக் கிளம்பி, அதை அவனுக்குக் கொடுத்த குவார்ட்டர்பேக்கின் கைக்குப் போய்ச் சேர்ந்தது, இருபத்திரண்டு பேரும் பின்பக்கமாகவே ஓடிப்போய் வரிசையில் குனிந்துகொண்டார்கள். கோச் ரகோத்தமன் ரிமோட்டிலிருந்து விரலை எடுத்தார். "இன்னொரு வாட்டி பாக்கலாம்" என்றார். பாருங்கள், நன்றாகப் பாருங்கள் என்று இளம்பரிதி பல்லைக் கடித்துக்கொண்டான். எட்டு நாளாக ஊரே பார்த்துவிட்டது, நீங்கள் மட்டும் என்ன பாவம் செய்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, பெரம்பூரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி, அவர்களுடைய அமெரிக்கன் ஃபுட்பால் டீம் வீடியோ பார்க்கக் கிடைத்த இடம். மருத்துவ நுழைவுத் தேர்வில் மார்க் வாங்கிய பிள்ளைகள் சுவர் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எழுதுவதற்குப் பலகை வைத்த நாற்காலிகள், ப்ளஸ் டூ பிள்ளைகளின் இடுப்புக்கு அளவெடுத்துச் செய்தவை. நூற்றுப் பதினெட்டு கிலோ ஆள் அதில் உட்கார்ந்தால் பலகை வயிற்றை அறுக்கிறது. இரண்டு வரிசை முன்னால் கபிரியேல் உட்கார்ந்திருந்தான். அவனுடைய பிடரி தெரிந்தது, பிடரியில் மூன்று மடிப்பு, புதிதாக முடி வெட்டின கோடு. திரும்ப மாட்டான். எட்டு நாளாகத் திரும்பவில்லை, போனை எடுக்கவில்லை, இன்றைக்கு மட்டும் எப்படித் திரும்புவான். ஓரத்தில், ஜன்னல் பக்கம், நிஜ நவாஸ் இரண்டு நாற்காலியை ஒட்டிப் போட்டு வலது காலை நீட்டி வைத்திருந்தான். தொடையிலிருந்து கணுக்கால் வரை கறுப்புப் பட்டை. வருகிற புதன்கிழமை ஆபரேஷன். ஒரு வருஷம் ஆகும் என்கிறார் டாக்டர், அதற்கப்புறமும் ஓடலாமா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். ஸ்கூலில் பி.டி. மாஸ்டராக இருக்கிறவனுக்கு முழங்கால்தான் எல்லாம். இளம்பரிதிக்கு இன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். நவாஸின் காதில் விழுகிற மாதிரி, இந்த அறையில், யாராவது ஒரு வாயால் சொல்ல வேண்டும்: அது பரிதியின் ஆள் இல்லை.

"பவர் ரைட்" என்றார் கோச், ப்ளேயின் பெயரைச் சொல்லி. மறுபடியும் பந்து நகர்ந்தது. மறுபடியும் இளம்பரிதி, திரையில் அறுபத்தாறாம் நம்பர், தன் இடத்தைவிட்டுக் கிளம்பி வலது பக்கமாக ஓடினான். அவன் விட்டுப்போன ஓட்டை வழியாக ஐதராபாத் அணியின் எழுபத்திநாலாம் நம்பர் வந்தான், சாவகாசமாக, கதவைத் திறந்து வைத்த வீட்டுக்குள் வருகிறவன் போல. பந்து கைக்கு வந்த அதே நொடியில் நவாஸின் காலில் விழுந்தான். சத்தம் இல்லாத வீடியோ. ஆனால் சத்தம் இளம்பரிதிக்குத் தெரியும். அன்றைக்கு அவன் காதில் விழவில்லை, அதுதான் கொடுமை, விழாத சத்தம் எட்டு நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பார்க்க வந்த எவனோ ஒருவன் பக்கவாட்டில் நின்று போனில் எடுத்த பதினொரு நொடி வீடியோ, அதில் இன்னும் மோசம். அதில் பார்த்தால் ஒரு தடியன் எதிரில் நிற்பவனைக் கண்டு பயந்து ஓடிப்போகிறான், அவ்வளவுதான் தெரியும். கீழே ஒருவன் எழுதியிருந்தான், உடம்பு யானை, மனசு எலி. நானூறு பேர் சிரித்திருந்தார்கள். சிரிக்கட்டும், நானூறு பேருக்கு என்ன தெரியும், கிரிக்கெட்டைத் தவிர எதையும் பார்க்காத ஊர். வீட்டிலேயே, மூன்று வருஷமாகப் பனியன் துவைத்துப்போடுகிற தேன்மொழி, தட்டில் இட்லியை வைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, நீங்க ஏன் ஓடினீங்க?" பொண்டாட்டி. குத்திக்காட்டவெல்லாம் இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள், அதனால்தான் இட்லி இறங்கவில்லை.

சிரித்தவர்களை விடு. ஆஸ்பத்திரி வராந்தாவில் நவாஸின் அம்மா. அவருக்கு இந்த ஆட்டமே பிடிக்காது, ஹெல்மெட்டைப் பார்த்தாலே அடுப்படிக்குப் போய்விடுவார், ஆனாலும் ஒவ்வொரு பெருநாளைக்கும் லைனில் நிற்கிற ஐந்து பேருக்கும் தனியாக ஒரு சட்டி பிரியாணி கொடுத்தனுப்புவார், என் பிள்ளைக்குக் காவல் நிற்கிறவர்கள் என்று. அன்றைக்கு அவர் கத்தவில்லை. பக்கத்தில் வந்து நின்று, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னைய நம்பித்தானப்பா எம்புள்ள பின்னாடி வந்தான்" என்றார். அவ்வளவுதான். வைதிருந்தால் தேவலை. என்ன சொல்வது அந்த அம்மாவிடம்? அம்மா, நான் லெஃப்ட் கார்டு, இந்த ப்ளேயில் என் இடத்தை விட்டுப் போவதுதான் என் வேலை, போகாவிட்டால்தான் தப்பு, என் எதிரில் இருந்தவனை, நடுவில் நிற்கிற சென்டர் வந்து பிடிக்க வேண்டும் என்று சொல்வதா? பிள்ளை உள்ளே கத்திக்கொண்டிருக்கும்போது? சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருக்கக்கூடாது. சொல்லியிருந்தால் பழியை இன்னொருத்தன் தலையில் போடுகிறான் பார் என்பார்கள். சொல்லாததனால் குற்றமுள்ள நெஞ்சு, அதான் பேச்சில்லை என்கிறார்கள். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் கதவைத் திறக்கப் போகிற மெக்கானிக்கைத்தான் எல்லாரும் திட்டுவார்கள், பத்து வருஷமாக அந்த வேலை பார்க்கிற இளம்பரிதிக்கு அது பழக்கம்தான், டூல் பாக்ஸோடு வந்தவன் கண்ணுக்குத் தெரிகிறான், அவனைத் திட்டுகிறார்கள். ஆனால் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் யாரும் அவன் முதுகில் கை வைத்து மூன்று வருஷம் ஓடியவர்கள் இல்லை.

கை. பவர் ரைட்டில் அவன் கிளம்பி, சென்டருக்கும் வலது கார்டுக்கும் பின்னால் இரண்டு எட்டு ஓடி, திறக்கிற சந்தில் திரும்பும்போது நவாஸின் இடது கை அவன் முதுகில் வந்து விழும். கூட்ட நெரிசலில் முன்னால் போகிறவன் சட்டையைப் பிடிக்கிற மாதிரி. அந்தக் கை வந்துவிட்டால் போதும், எதிரில் எவன் நின்றாலும் சரி, எதிர் வரிசைக்குப் பின்னால் நிற்கிற லைன்பேக்கராவது அவன் அப்பனாவது, இளம்பரிதி போய் முட்டுவான், நவாஸ் அவன் தோளை ஒட்டி நழுவிப் போவான். போன வருஷம் நவாஸ் கோட்டைத் தாண்டி எடுத்தது பதினொரு டச்டவுன், அதில் ஏழு அந்தக் கைக்கு அப்புறம் வந்தது. பேப்பரில் நவாஸின் போட்டோ போட்டார்கள், போட்டோ ஓரத்தில் அறுபத்தாறின் முழங்கை தெரிந்தது, அவன் அதை வெட்டி வைத்திருக்கிறான். அன்றைக்குக் கை வரவில்லை. சந்தில் திரும்பினான், லைன்பேக்கர் எதிரில் வந்தான், முட்டினான், நன்றாகத்தான் முட்டினான், ஆள் இரண்டடி பின்னால் போனான், முதுகு மட்டும் காத்திருந்தது, கை வரவில்லை, வரவில்லை, அப்புறம் விசில். திரும்பிப் பார்த்தால் கூட்டம். இந்த முட்டினதை எந்த வீடியோவிலும் எவனும் காட்டவில்லை. நவாஸ் விழுந்ததும் எல்லாக் கேமராவும் அவனிடம் போய்விடுகிறது, கோச்சும் அதே இடத்தில்தான் நிறுத்துகிறார். அந்த இடத்துக்கு மேல் ஆட்டமே இல்லை.

"லெஃப்ட் சைடுலதான் லீக்" என்றார் கோச், பொதுவாக, யாரையும் பார்க்காமல். லெஃப்ட் சைடாம். குழாய் ரிப்பேர் பார்க்க வந்திருக்கிறார். லெஃப்ட் சைடில் யார், பெயர் சொல்ல வேண்டியதுதானே? சொல்ல மாட்டார். இளம்பரிதிக்கு அவரைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. அமெரிக்காவில் ஆடினவர் என்பது நிஜம்தான், ஒஹையோவில் படிக்கும்போது காலேஜ் கிளப்பில் ஆடினார், என்ன ஆடினார் என்று யாரும் கேட்பதில்லை. பந்தை உதைக்கிற ஆள். ஓரமாக நின்று, ஆட்டத்துக்கு நாலு தடவை உள்ளே போய், ஒரு உதை உதைத்துவிட்டு, சட்டையில் மண் ஒட்டாமல் வெளியே வருகிற ஆள். அவருக்கு லைனைப் பற்றி என்ன தெரியும்? அவரே சொன்னாரே. பதினெட்டு நாளைக்கு முன்னால், அதுவரை சென்டராக நின்றவன் வேலை கிடைத்து துபாய்க்குப் போனபோது, கிரவுண்டில் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னாரே. "லைன்ல எங்க நின்னா என்னடா, அஞ்சு பேரும் இடிக்கிறதுதானே." அஞ்சு பேரும் இடிக்கிறதுதானே. இந்த வார்த்தைக்கே அவரைத் தூக்கி அந்தக் கோல் கம்பத்தில் மாட்டியிருக்க வேண்டும்.

அஞ்சு பேரும் ஒன்றா? பார்வைக்கு ஒன்றுதான், ஐந்து தடியர்கள், ஐந்து பானை வயிறு, குனிந்தால் ஐந்து முதுகு. ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் உடம்பு வேறு, கால் வேறு, பயமே வேறு. ஓரத்தில் நிற்கிற டேக்கிளுக்குக் கை நீளம் வேண்டும், உயரம் வேண்டும். அவனுக்கு வெளிப்பக்கம் திறந்த வெளி, எவன் எந்தக் கோணத்தில் ஓடிவருவான் என்று தெரியாது. ஓட்ட ப்ளேயில் தன் பக்கம் ஓடினால் எதிரியை உள்ளே தள்ளி அணை கட்டுகிற மாதிரி அடைக்க வேண்டும், மறுபக்கம் ஓடினால் முதலில் உள்ளே ஒரு எட்டு வைத்து ஓட்டையை மூடிவிட்டு, அப்புறம் கதவு மாதிரி வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். அவனுக்கு யோசிக்க இடம் இருக்கிறது, இடம் என்றால் இரண்டு எட்டு. கார்டுக்கு அதுவும் கிடையாது. கார்டு ஷேர் ஆட்டோவில் நடுவில் மாட்டினவன், இரண்டு பக்கமும் ஆள், எதிரில் எதிர் அணியிலேயே பெரிய உருவம், குட்டையாக அகலமாக இருந்தால்தான் அடியில் புகுந்து தூக்க முடியும். ஆனால் கார்டுக்கு ஒரு சுகம் உண்டு. லைனில் அவன் ஒருத்தன்தான் இந்த மாதிரி ப்ளேயில் வரிசையை விட்டுக் கிளம்பி ஓடுகிறான், ஓடிப்போய் முன்னால் நிற்கிறான். நடுவில் இருக்கிற சென்டர், பாவம், அவன் கையில் பந்து. பந்தைக் கால் இடுக்கு வழியாகப் பின்னால் கொடுத்துவிட்டுத்தான் அடிக்கவே கை வரும், அதனால் ஒரு கை எப்போதும் தாமதம். எதிரி ஒரு முழம் தூரத்தில் மூச்சு விடுகிறான். யார் யாரைப் பிடிப்பது என்று கத்திச் சொல்ல வேண்டியதும் அவன். கார்டு கிளம்பிப் போனால் அவன் விட்ட ஆளை, பந்து கையைவிட்டுப் போன அதே நொடியில், போகிற திசைக்கு நேர் எதிராகத் திரும்பிப் போய்ப் பிடிக்க வேண்டியதும் அவன்தான். எல்லாரும் வலது பக்கம் பாய்வார்கள், அவன் மட்டும் இடது பக்கம் போக வேண்டும். இதற்குக் கால் பழக ஆறு மாதம் ஆகும். கபிரியேலுக்குப் பத்து நாள் கொடுத்தார் இந்த மனுஷன். பத்து நாள், அதில் மூன்று நாள் மழை.

கபிரியேல் அதுவரை லெஃப்ட் டேக்கிள், இளம்பரிதிக்கு இடது பக்கத்து ஆள், இரண்டு வருஷம். அவன் ஏன் சென்டருக்கு வந்தான் என்பதை நினைக்க வேண்டாம். இப்போது அது முக்கியமில்லை. கோச் முதலில் யாரைக் கேட்டார் என்பது முக்கியமில்லை. "பரிதி, நீ நடுவுல வந்துடு, உனக்குத்தான் எல்லார் வேலையும் தெரியும்" என்று கேட்டதும், என்னால் முடியாது கோச், எனக்குக் கார்டுதான் என்று அவன் சொன்னதும், சென்டரானால் கிளம்பி ஓட முடியாது, முதுகில் கை விழாது என்று அவனுக்குள் ஒரு சின்னப்பையன் அழுததும், கபிரியேல் பக்கத்தில் நின்று ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே "நான் நிக்கறேன் கோச்" என்றதும், இதெல்லாம் இப்போது எதற்கு? முடியாது என்று சொல்ல ஒருத்தனுக்கு உரிமை கிடையாதா? அவன் முடியாது என்றான், இவன் முடியும் என்றான். முடியும் என்றவன் முடித்திருக்க வேண்டும். முடியாவிட்டால் வாயைத் திறந்து, ஆமாம் நான்தான் விட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்க வேண்டும், அந்த அம்மா என் கையைப் பிடித்தபோது நீ அங்கேதானே நின்றாய், செருப்புக்கூட இல்லாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு. ஆம்புலன்ஸ் பின்னாலேயே வெறுங்காலோடு ஓடிவந்தாயாம், கேட் பக்கத்தில் வாந்தி எடுத்தாயாம், எல்லாரும் உனக்குத் தண்ணீர் கொடுத்தார்களாம். எனக்கு யார் கொடுத்தார்கள்? மடிப்பு விழுந்த அந்தப் பிடரியைப் பார்த்து அவன் மனசுக்குள் கத்தினான். பிடரி அசையவில்லை.

நாலாவது தடவை கோச் மெதுவாக ஓட்டினார். வாட்டர் டேங்க் மேலிருந்து எடுத்த வீடியோ இது, பின்பக்கத்திலிருந்து, ஐந்து பேரின் குதிகால்களும் தெரியும் கோணம். இளம்பரிதி இதை இப்போதுதான் பார்க்கிறான். முதல் மூன்று தடவையும் எழுபத்திநாலையே பார்த்துக்கொண்டிருந்தான், இந்தத் தடவை சென்டரின் கால்களைப் பார்த்தான். ஏன் விட்டான் என்பது அவனுக்கு எட்டு நாளாகத் தெரியாது. தூங்கிவிட்டானா, பயந்துவிட்டானா, ப்ளேயையே மறந்துவிட்டானா என்று என்னென்னவோ நினைத்திருந்தான். பந்து நகர்ந்தது. கபிரியேலின் வலது கால் எழுந்து வலது பக்கமாக ஒரு எட்டு, நாலு விரல் அகலம்கூட இருக்காது, வைத்தது. அவ்வளவுதான். அங்கேயே முடிந்துவிட்டது. உடனே திரும்பினான், தெரிந்துகொண்டான், இடது கை நீண்டது, எழுபத்திநாலின் பனியனில் விரல் பட்டது, அதற்குள் ஆள் தாண்டிவிட்டான். அந்த எட்டை இளம்பரிதிக்குத் தெரியும். அது டேக்கிளின் எட்டு. பவர் ரைட் என்று கூப்பிட்டதும் லெஃப்ட் டேக்கிள் வலது காலை உள்ளே வைக்க வேண்டும், கார்டு கிளம்பிப் போன ஓட்டையை மூட. இரண்டு வருஷம், வாரத்துக்கு மூன்று நாள், தான் கிளம்பிய அதே நொடியில் தன் இடது பக்கம் அந்தக் கால் மண்ணில் பதிகிற சத்தத்தை அவன் கேட்டிருக்கிறான், திரும்பிப் பார்த்ததே இல்லை, பார்க்க வேண்டியிருந்ததில்லை. அவன் விட்டுப்போகிற இடத்தைக் காக்கப் பழகிய கால் அது. அதே வார்த்தையைக் கேட்டு, அதே காலை, அதே நாலு விரல் வைத்தது. நிற்கிற இடம்தான் மாறிவிட்டது. இங்கிருந்து அதே எட்டு வைத்தால் ஓட்டையை விட்டு விலகிப் போகும்.

இது தெரிந்ததும் கோபம் போய்விடும் என்று யாராவது சொன்னால் அவனை அறைய வேண்டும். கோபம் போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் அறைக்குள் சுற்றியது, இன்னும் கெட்டுப்போனது. இதுவரை ஒரு பிடரி இருந்தது, திட்டுவதற்கு வாட்டமாக. இப்போது அதுவும் போச்சு. அந்தக் காலைப் போய் எப்படித் திட்டுவது? திட்டாமலும் எப்படி இருப்பது? நவாஸின் அம்மாவிடம் போய் இதை விளக்க முடியுமா, அம்மா, அவன் எனக்காகப் பழகின எட்டு அது, அதனால்தான் உங்கள் மகனின் கால் போயிற்று என்று? இதைப் புரிந்துகொள்ள இந்த ஊரில் பத்துப்பேர் இருப்பார்கள், அந்தப் பத்துப்பேரும் இந்த அறையில், பலகைக்குள் வயிற்றைச் செருகிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கும். லைனில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே எட்டு நாள்.

கோச் படத்தை நிறுத்தினார். எழுபத்திநாலு பாதி ஓட்டத்தில் உறைந்து நின்றான். கோச் ஒரு ஸ்கேலை எடுத்து அவன் மேல் தட்டினார்.

"எழுபத்திநாலு யாரோட ஆளு?"

ஃபேன் சுற்றியது. கீழே தெருவில் ஒருவன் பழைய இரும்பு, ஈயம், பித்தளை என்று கூவிக்கொண்டு போனான். இளம்பரிதி கபிரியேலின் பிடரியைப் பார்த்தான். இப்போது சொல். இதைவிட நல்ல நேரம் வராது. கேள்வியே வந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல், நான் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன், எனக்குக் கால் தெரியும், நானே உனக்காகப் பேசுகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினான். ஏழு வரை எண்ணினான். கபிரியேலின் தோள் ஏறி இறங்கியது, மூச்சு வாங்கினான் போல, வார்த்தை வரவில்லை.

"சரி விடு" என்றார் கோச். "யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்ல. பரிதி, நீ கெளம்பறப்ப அவனை ஒரு தட்டு தட்டிட்டுப் போயிருக்கலாம். அடுத்த மேட்ச்ல பாத்துக்க."

தட்டிவிட்டுப் போவதா? பவரில் கிளம்புகிற கார்டு எதிராளியைத் தட்டிவிட்டுப் போவதா? தட்ட நின்றால் சந்துக்குப் போய்ச் சேர முடியுமா, போய்ச் சேராவிட்டால் லைன்பேக்கரை யார், உங்கள் மாமனாரா வந்து பிடிப்பார்? எட்டு நாளாகச் சேர்ந்ததெல்லாம் தொண்டைக்கு வந்தது. எழுந்து நிற்கிற அவசரத்தில் பலகை தொடையில் இடித்தது.

"என்ன கோச் பேசறீங்க? பவர்ல கார்டு நிக்கக்கூடாது. நின்னா தப்பு. நீங்கதான் பேப்பர்ல வரைஞ்சு குடுத்தீங்க. எழுபத்திநாலு என் ஆளு இல்ல."

"டேய், உக்காரு. நான் அப்படிச் சொல்லல."

"அப்படித்தான் சொல்றீங்க. எட்டு நாளா எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அது சென்டரோட ஆளு. கபிரியேலோட ஆளு. அவன் கால் டேக்கிள் மாதிரி உள்ள போயிடுச்சு, ஏன்னா அவன் டேக்கிள். பத்து நாள்ல அவனைத் தூக்கி நடுவுல நிறுத்துனது நீங்க. அஞ்சு பேரும் ஒண்ணுதான்னு சொன்னது நீங்க. இதுல ஓடிப்போன எலி நானு!"

கபிரியேல் திரும்பினான். முகம் அழுது வீங்கிக் கிடந்தது, கன்னத்தில் தண்ணீர் இன்னும் காயவில்லை. இளம்பரிதிக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் தன் வாயிலிருந்து போனதைத் திரும்பப் பிடித்துக்கொள்ளலாமா என்று இருந்தது.

"என் ஆளுதான் கோச்" என்றான் கபிரியேல். குரல் பாதிதான் வந்தது. "நான்தான் விட்டேன். சொல்லணும்னுதான் வந்தேன். வாய் வரல."

சொல்லிவிட்டான். அறையில் எல்லாரும் கேட்டார்கள், நவாஸும் கேட்டான். இதற்காகத்தானே எட்டு நாள் வெந்தது. இப்போது நெஞ்சு லேசாக வேண்டும், பாரம் இறங்க வேண்டும். இளம்பரிதி ஜன்னல் பக்கம் திரும்பி நவாஸைப் பார்த்தான். அதிர்ச்சி இருக்கும், கண்ணில் தண்ணீர் இருக்கும், மன்னிச்சுக்கடா பரிதி என்பான் என்று எதிர்பார்த்தான். நவாஸின் முகத்தில் அதெல்லாம் எதுவும் இல்லை. வெந்த சோற்றில் மண்ணைப் போட்டவனைப் பார்க்கிற மாதிரி, சலிப்போடு பார்த்தான்.

"தெரியும்டா" என்றான் நவாஸ்.

"என்ன தெரியும்?"

"அவன் ஆளுன்னு தெரியும். உங்க அஞ்சு பேருக்கும் பின்னாடி நிக்கறவன் நானு. அஞ்சு பேர் காலும் எனக்குத் தெரியும். அவன் கால் அந்தப் பக்கம் போனப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இன்னைக்கு அவ்வளவுதான்னு."

இளம்பரிதிக்குச் சட்டென்று எதுவும் புரியவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகப் புரிந்தது, புரியப் புரியக் காது சூடாகியது. விழுவதற்கு முன்னாலேயே தெரியும். அப்படியென்றால் ஸ்ட்ரெச்சரில் தெரியும். ஆஸ்பத்திரியில் தெரியும். அந்த அம்மா வராந்தாவில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவனுக்குத் தெரியும். நானூறு பேர் சிரித்த வீடியோவை இவனும் பார்த்திருப்பான், படுக்கையில் வேறு என்ன வேலை, பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்திருப்பான். போன் பேசினானே, செவ்வாய்க்கிழமை, சாப்பிட்டியாடா என்று கேட்டானே.

"உங்கம்மாகிட்ட சொன்னியா?"

நவாஸ் பட்டையின் ஒட்டுத் துணியைப் பிரித்து மறுபடி ஒட்டினான். அப்புறம் சொன்னான், குரலைத் தாழ்த்தி, இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிற பேச்சு மாதிரி: "அவனைப் பாத்த இல்ல அன்னைக்கு? ரோட்டுல வெறுங்கால்ல ஓடியாந்தான். அவன் பேரு வெளிய வந்திருந்தா தாங்கியிருக்க மாட்டான்டா. எதாவது பண்ணிட்டிருப்பான். எல்லாரும் உன்னையச் சொன்னாங்க, சரி விடுன்னு விட்டுட்டேன். நீ தாங்குவ."

நீ தாங்குவ. ஐந்து பேரிலும் குட்டை, அகலம், அடியில் புகுந்து தூக்குகிறவன். எவ்வளவு வைத்தாலும் தாங்குவான். இவன் பாராட்டாகத்தான் சொல்கிறான் என்பது இளம்பரிதிக்குத் தெரிந்தது, மூன்று வருஷம் தன் பின்னால் ஓடினவன் சொல்லக்கூடிய ஆகப் பெரிய பாராட்டு அதுதான். அது தெரிந்ததனால் கோபம் இன்னும் ஏறியது. காலொடிந்தவனை அடிக்க முடியாது. அழுகிறவனை அடிக்க முடியாது. கோச்சை அடிக்கலாம், ஆனால் இப்போது அவர் ஒரு பொருட்டாகவே இல்லை, ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு யாரோ வழிப்போக்கன் மாதிரி நின்றிருந்தார். கபிரியேல் எதுவோ சொல்ல வந்தான். இளம்பரிதி அவன் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினான்.

"என்னைக் கேட்டியா?" என்றான் நவாஸிடம்.

"எதை?"

"பழி என் மேல இருக்கட்டும்டா, கொஞ்ச நாளைக்குத் தாங்கிக்கறியான்னு. ஒரு வார்த்தை கேட்டியா?"

நவாஸ் அவனை நேராகப் பார்த்தான். "கேட்டிருந்தா நீ சரின்னுதான் சொல்லியிருப்ப."

இளம்பரிதி யோசித்துப் பார்த்தான். ஆஸ்பத்திரிக் கட்டில், நவாஸின் மாத்திரை மயக்கக் கண், சுவரைப் பார்த்து நிற்கிற கபிரியேல். நவாஸ் சைகை காட்டிக் கூப்பிடுகிறான், காதில் சொல்கிறான். தான் என்ன பதில் சொல்லியிருப்பான்? வேறென்ன சொல்லியிருப்பான். அந்த அம்மா கையைப் பிடித்திருந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருப்பான், ஆனால் அது வேறு நிற்பு. நானூறு பேரும் சிரித்திருப்பார்கள், அவனும் உள்ளுக்குள் சிரித்திருப்பான். இட்லி இறங்கியிருக்கும்.

"ஆமா, சொல்லியிருப்பேன்" என்றான். "அதுக்குத்தான்டா கேட்டிருக்கணும்."